குறத்தி என்று யார் சொல்வது?

சாரல் சீஸனில் குற்றாலம் போயிருப்பீர்கள். மெயின் அருவியில் தலையைக் கொடுத்து, ஐந்தருவியில் முண்டியடித்து, பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டு, தென்காசி கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரம் என்று ஓர் ஊர் வரும். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சாதாரண ஊர்தான். ஆனால் அருவியைவிட அதிக தூரம் குற்றாலத்தின் பெயரைக் கொண்டுபோன மனிதர் இந்த ஊர்க்காரர். பெயர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் எழுதியது ‘குற்றாலக் குறவஞ்சி’.

சுமார் 300 வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட நாடகம். வஞ்சி என்றால் பெண். குறவஞ்சி என்றால் குறப்பெண். ஆக, புத்தகத்தின் தலைப்பே ஒரு சாதியின் பெயர். அதிலும் அந்தச் சாதியின் பெண்.

கதை ரொம்ப எளிமை. குற்றாலநாதர் வீதி உலா வருகிறார். பந்து விளையாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி என்ற அழகி அவரைப் பார்த்துக் காதலில் விழுகிறாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. அப்போது குறி சொல்லும் குறத்தி ஒருத்தி தெருவில் வருகிறாள். பெயர் சிங்கி. வசந்தவல்லியின் கையைப் பார்த்து, உன் மனசில் இருப்பவர் குற்றாலநாதர், அவர் உனக்குக் கிடைப்பார் என்கிறாள். பெண்ணுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. நகைநகையாக அள்ளிக் கொடுக்கிறாள். பெண்டாட்டியைக் காணோமே என்று ஊரெல்லாம் தேடி வரும் சிங்கன், உடம்பெல்லாம் நகையோடு நிற்கிற சிங்கியைப் பார்த்து மிரண்டு போகிறான். அப்புறம் சமாதானம். சுபம்!

நாடகத்தின் உயிர் வசந்தவல்லி அல்ல, சிங்கிதான். அவள் வாய் திறந்தால் மலை பேசுகிறது. எந்த மலை தனக்கு என்ன உறவு என்று அவள் அடுக்குகிற அழகைக் கேட்க வேண்டும். வேலவருக்கே பெண் கொடுத்த குலம் எங்கள் குலம், மலைகளையெல்லாம் சீதனமாகக் கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டுகிறாள். வள்ளியைத்தான் சொல்கிறாள். முருகனுக்கே மாமியார் வீடு எங்கள் வீடு என்றால் சும்மாவா?

குறத்தி என்ற சொல்லில் இங்கே துளிக்கூட வசவு இல்லை. பெருமைதான் இருக்கிறது. சரி... அந்தப் பெருமையைப் பேசுவது யார்?

சிங்கி பேசவில்லை. சிங்கியின் வாயில் கவிராயர் பேசுகிறார். அவர் குறவர் அல்ல. தமிழ் இலக்கணமும் சைவமும் கரைத்துக் குடித்த புலவர். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தான் பிறக்காத ஒரு சாதியின் பெண்ணை இத்தனை ஆசையோடு, இத்தனை கம்பீரத்தோடு படைத்த புலவர்கள் நம்மிடம் அதிகம் பேர் கிடையாது. ஆனால் அவரே இன்னொரு காரியமும் செய்கிறார். நகைகளைப் பார்த்துச் சிங்கன் கேட்கும் கேள்விகளைப் படித்துப் பாருங்கள். சிலம்பு என்றால் என்ன, மோதிரம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. ஏதோ ஜந்து காலைச் சுற்றியிருக்கிறது என்று நினைக்கிறான். மேடையின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து? ‘காட்டுப் பயலுக்கு நகை என்றால் என்னவென்று தெரியுமா’ என்ற சிரிப்பு அதில் கலந்திருக்கிறதா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

நூலுக்குப் பரிசும் கிடைத்தது. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் (ஆட்சிக்காலம் 1706–1732) கவிராயருக்கு நிலம் மானியம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் வந்துவிட்டது. நாடகத்துக்குள் குறத்திக்கு நகை. நாடகத்துக்கு வெளியே புலவருக்கு நிலம். நிஜமான குறவர்களுக்கு என்ன கிடைத்தது?

அவர்களுக்குக் கிடைத்தது போலீஸ் ரிஜிஸ்டர்.

அதைச் சொல்வதற்கு முன் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறவர்களில் பல பிரிவுகள் உண்டு. கூடை முடைந்தவர்கள், குறி சொன்னவர்கள், ஊர் ஊராக வியாபாரம் செய்தவர்கள் என்று பல தொழில். அதில் ஒரு பெரிய கூட்டம் உப்பு வியாபாரம் செய்தது. கடற்கரையிலிருந்து உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோவார்கள். திரும்பும்போது தானியம். உப்புக் குறவர் என்ற பெயரே அப்படி வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ரயில் வந்து, நூறு கழுதை சுமக்கும் உப்பை ஒரே வேகன் சுமந்துகொண்டு போனது. தலைமுறை தலைமுறையாக ரோட்டில் நடந்தவர்கள், ரோடு இருந்தும் சரக்கு இல்லாமல் நின்றார்கள்.

தொழில் இல்லாமல் ஊர் ஊராகத் திரிகிறவனைப் பார்த்தால் வெள்ளைக்கார அதிகாரிக்கு என்ன தோன்றும்? திருடன்!

1871-ல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911-ல் அதைத் திருத்தி நாடு முழுவதற்குமாக விரித்தபோது சென்னை மாகாணமும் உள்ளே வந்தது. தென் தமிழ்நாட்டில் ‘ரேகைச் சட்டம்’ என்றால் பெரியவர்களுக்கு உடனே புரியும். ஒருவன் திருடினானா இல்லையா என்பது பேச்சே இல்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்பதுதான் கேள்வி. அறிவிக்கப்பட்ட சாதியென்றால் ரிஜிஸ்டரில் பெயர், பத்து விரல் ரேகை, ராத்திரி ஆஜர், வெளியூர் போக அனுமதிச் சீட்டு. சென்னை மாகாணக் குறவர்களில் பல பிரிவுகள் இந்த ரிஜிஸ்டருக்குள் போயின. ஆந்திரப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் என்று ஒரு குடியிருப்பையே உண்டாக்கி அவர்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். பச்சைக் குழந்தைக்குப் பிறக்கும்போதே பட்டம்: குற்றப் பரம்பரை.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ரத்தானது. நாடு முழுவதும் 1952-ல். ஆனால் நாக்கிலிருந்து எப்போது ரத்தானது?

கொஞ்சம் சங்கடமான ஓர் உதாரணம் சொல்லட்டுமா? ‘கேப்மாரி’ என்று திட்டாத தமிழன் உண்டா? பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர், வாங்கின கடனைத் தராத நண்பன், கட்சி மாறின அரசியல்வாதி... எல்லோரும் கேப்மாரிதான். 2019-ல் அந்தப் பெயரிலேயே ஒரு சினிமா வந்து தியேட்டர்களில் ஓடியது. போஸ்டரைப் பார்த்து யாரும் துணுக்குறவில்லை. இப்போது தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் தோகமலைக் கொறவர் என்ற பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது கேப்மாரி’ என்று இருக்கும். அது மனிதர்களின் பெயர்! ஒரு தகப்பன் தன் மகளைக் கல்லூரியில் சேர்க்கத் தாசில்தார் ஆபீசில் சான்றிதழ் வாங்கும்போது சொல்ல வேண்டிய பெயர். நாம் சிக்னலில் சர்வசாதாரணமாகக் கத்துகிற பெயர்.

இப்படி நம் மீது மற்றவர்கள் ஒட்டிய பெயரை என்ன செய்வது? தூக்கி எறிவதா, அல்லது ‘ஆமாம், அதுதான் நான், இப்போ என்ன?’ என்று நெஞ்சை நிமிர்த்துவதா?

இந்தக் கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சென்னையில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேர் நேரெதிரான பதில்களைச் சொன்னார்கள். குறவர்கள் அல்ல; பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் அயோத்திதாசப் பண்டிதர். இன்னொருவர் இரட்டைமலை சீனிவாசன். மைத்துனர்கள். சீனிவாசனின் சகோதரியைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார்.

சீனிவாசன் கோவையில் படித்த காலத்தைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்களோடு விளையாடப் போகமாட்டார். எங்காவது ஒதுங்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். பள்ளி ஆரம்பிக்கும் மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். ஏன்? யாராவது ‘நீ என்ன சாதி’ என்று கேட்டுவிட்டால்? அந்தப் பெயரை வாயால் சொல்ல வேண்டி வந்துவிட்டால்? அதே பையன் வளர்ந்து, 1893-ல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். பத்திரிகைக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘பறையன்’!

எதை மறைக்க மணி அடிக்கும்வரை காத்திருந்தாரோ, அதையே கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கடையில் தொங்கவிட்டார். அவர் வாதம் இதுதான்: இந்தப் பெயர் கொண்டவன் அதை ஒளிக்காமல் வெளியே வந்தால்தான் உரிமை கேட்க முடியும், பெயரை ஒளிக்கிறவன் உரிமையையும் சேர்த்து ஒளித்துவிடுகிறான். பத்திரிகை 1900 வரை நடந்தது.

அயோத்திதாசருக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அவர் சித்த மருத்துவர், பெரும் படிப்பாளி. பறையன் என்பது எங்கள் பெயரே அல்ல, எங்களைத் தோற்கடித்தவர்கள் சூட்டிய இழிபெயர், நாங்கள் பூர்வ பௌத்தர்கள் என்றார். எதிரி வைத்த பெயரை நாமே எதற்குச் சுமக்க வேண்டும்? 1891-ல் அவர் உருவாக்கிய அமைப்பின் பெயர் திராவிட மகாஜன சபை. 1907-ல் தொடங்கிய பத்திரிகை ‘ஒரு பைசாத் தமிழன்’. பின்னால் வெறும் ‘தமிழன்’. திராவிடன், தமிழன் என்ற சொற்களை நவீன அரசியலில் முதலில் தூக்கிப் பிடித்தவர்களில் ஒருவர், அவற்றை ஓர் இழிபெயருக்கு மாற்றாகத்தான் எடுத்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

யார் சரி? என்னைக் கேட்டால் இருவரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் துணிச்சலுக்கு என் ஓட்டு சீனிவாசனுக்குத்தான். கோவைப் பள்ளிக்கூட வாசலில் ஒளிந்து நின்ற அந்தப் பையனை நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அரசாங்கம் போனது என்னவோ அயோத்திதாசர் காட்டிய திசையில். 1922-ல் எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, அரசு ஆவணங்களில் பழைய பெயருக்குப் பதில் ‘ஆதிதிராவிடர்’ வந்தது.

இங்கிலீஷில் மட்டும் அது போகவே இல்லை. தமிழ்நாட்டில் கேட்ட பெயரை ஐரோப்பியர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோய், ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் தங்கள் அகராதிக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். 1821-ல் பாரிஸில் அந்தப் பெயரில் நாடகம் போட்டார்கள். இன்றும் ஏதாவது ஒரு நாட்டை மற்ற நாடுகள் தள்ளிவைத்தால் இங்கிலீஷ் பத்திரிகைகள் அதைப் ‘பரையா’ நாடு என்று கூசாமல் தலைப்புப் போடுகின்றன. நம் ஊர் இங்கிலீஷ் பத்திரிகைகளும்தான்.

இதே சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. கறுப்பர்களைக் கேவலப்படுத்த வெள்ளையர்கள் பயன்படுத்திய ‘நிக்கர்’ என்ற சொல்லையே டிக் கிரிகரி என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் 1964-ல் தன் சுயசரிதைக்குத் தலைப்பாக வைத்தார். புத்தகத்தை அம்மாவுக்குச் சமர்ப்பணம் செய்யும்போது, இனி யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால், அவர்கள் என் புத்தகத்துக்கு விளம்பரம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள் என்று எழுதினார். நம்ம சீனிவாசன் கட்சி! 2007-ல் கறுப்பர்களின் மிகப் பழைய உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி., டெட்ராய்ட் நகரில் அதே சொல்லுக்குச் சவப்பெட்டி செய்து, குதிரை வண்டியில் ஊர்வலம் விட்டு, அடக்கம் செய்தது. அது அயோத்திதாசர் கட்சி.

திரும்பத் திருநெல்வேலிச் சீமைக்கே வருவோம். இங்கே இந்த விவகாரத்தை வேறு மாதிரி தீர்த்தவர்கள் நாடார்கள். பனையேறிகள் என்று ஒதுக்கப்பட்ட அவர்களுக்கு ஒரு பழைய பெயர் இருந்தது. 1849-ல் கால்டுவெல் பாதிரியார் அந்தப் பெயரையே தலைப்பில் போட்டு ஒரு புத்தகம் எழுதி, அந்தச் சமூகத்தின் தீராத கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். 1910-ல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. 1921-ல் அரசு ஆவணங்களிலிருந்து பழைய பெயர் நீங்கி ‘நாடார்’ என்று ஆனது. அதே 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பாங்க் தொடங்கியது. இன்று அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க்.

பெயர் மாற்றமும் பாங்கும் ஒரே வருடத்தில் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அர்த்தமுள்ள தற்செயல். அந்தப் பழைய பெயரை இன்று எந்த வாரப்பத்திரிகையாவது சிரிப்புக்காக அச்சிடுமா? சினிமாவில் காமெடியன் சொல்வானா? மாட்டான். தெருவுக்குத் தெரு உறவின்முறை, பள்ளிக்கூடம், கடை, பத்திரிகை என்று கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. குறவன் மாதிரி, குறத்தி மாதிரி, கேப்மாரி என்றெல்லாம் பேச மட்டும் ஏன் நமக்குத் தயக்கம் வரவில்லை? சொல்லில் இருக்கும் விஷத்தின் அளவு வேறு என்பதாலா? இல்லை. கேட்க நாதியில்லை என்று நமக்குத் தெரியும். ஒரு வார்த்தையைச் சொல்லலாமா கூடாதா என்பதை அகராதி முடிவு செய்வதில்லை. சொல்லப்படுகிறவன் வாசல் வரை வந்து ‘ஏன் சொன்னாய்’ என்று கேட்க முடியுமா என்பதுதான் முடிவு செய்கிறது.

குறவஞ்சிக்கு அக்காள் தங்கை மாதிரி ஒரு நாடக வகை ‘பள்ளு’. அதுவும் இந்தத் தாமிரபரணிச் சீமையில் செழித்தது. முக்கூடற் பள்ளு படித்திருப்பீர்கள். அதுவும் சாதிப் பெயர்தான், அதிலும் வயலில் உழைப்பவனின் இரண்டு பெண்டாட்டிகள் சண்டை போட மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சமூகத்துக்கும் அதன் உட்பிரிவுகளுக்கும் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற பொதுப் பெயரை நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தது 2021-ல். அதற்குப் பத்து வருடம் முன்னால், 2011-ல், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் நடந்த தகராறு சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஆறுமுகம் சேர்வை வழக்கு. அந்தச் சமூகத்தின் பழைய பெயரைச் சொல்லித் திட்டியது குற்றமா? ‘அது சாதியின் பெயர்தானே, அரசுப் பட்டியலிலேயே இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள் இல்லையா... நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அது ஒரு சாதியின் பெயர்தான், ஆனால் அவமானப்படுத்தவும் அதே சொல் பயன்படுகிறது, அந்த நோக்கத்தோடு சொன்னால் குற்றம்.

1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தண்டனைக்குரியவர் யார் என்று சொல்லும்போதே, ‘பட்டியல் சாதியிலோ பழங்குடியிலோ சேராத எவரும்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. யார் சொல்கிறார்கள் என்பதைச் சட்டமே முதலில் கேட்கிறது! இதில் குறவர்களின் நிலைமை விசித்திரமானது. ‘குறவன், சித்தனார்’ என்ற பிரிவு பட்டியல் சாதியில் இருக்கிறது. வேறு பல குறவர் பிரிவுகள் சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. ஒரே பெயரைச் சொல்லி இருவரைத் திட்டினால், ஒருவருக்கு இந்தச் சட்டம் துணைக்கு வரும். மற்றவருக்கு வராது.

குழப்பம் இன்னும் உண்டு. பாசிமணி விற்கும் நரிக்குறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசும் மொழி வடக்கே குஜராத், ராஜஸ்தான் பக்கத்து மொழிகளுக்கு உறவு. தங்களை அவர்கள் ‘வாக்ரி’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நரிக்குறவர் என்பது நாம் வைத்த பெயர். 2022 டிசம்பரில் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியபோது சேர்த்ததும் இந்தப் பெயரில்தான். குறவர் சங்கங்களோ, எங்கள் பெயரை அவர்களுக்கு ஏன் வைத்தீர்கள், எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வருகின்றன. ‘ஒளி விளக்கு’ (1968) படத்தில் எம்.ஜி.ஆர். அந்த வேடம் கட்டி ஆடியபோது தமிழ்நாடே கைதட்டியது. இருதரப்பில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

சொந்தச் சாதிக்காரர் சொன்னால் பிரச்னையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். பாமா 1992-ல் ‘கருக்கு’ எழுதினார். தன் தெருவின் பேச்சை, வசவு உட்பட, அப்படியே எழுதினார். உள்ளிருந்து ஒருத்தி எழுதியது. ஆனால் முதலில் கோபப்பட்டது அவர் ஊர்க்காரர்கள்தான். நம்மைப் பற்றி இப்படியா ஊருக்கெல்லாம் சொல்வது என்று சில மாதங்கள் அவரால் சொந்த ஊருக்குள்ளேயே போக முடியவில்லை. பிற்பாடு அதே மக்கள் அவரைக் கொண்டாடினார்கள் என்பது வேறு விஷயம்.

பறை இன்னொரு விதம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று முதலில் கீழே போட்டார்கள். அதன் பிறகு, எங்கள் கலை என்று அவர்களே கையில் எடுத்தார்கள். 1990-களில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் இடுப்பில் பறை கட்டி மேடையேறினார்கள். இன்று நகரத்துப் பொறியாளர்கள்கூட வார இறுதியில் பறை கற்றுக்கொள்கிறார்கள். போட்டது யார், எடுத்தது யார் என்று பாருங்கள். இரண்டும் அவர்களே. அதனால்தான் அந்த ஓசைக்கு அந்தக் கம்பீரம்.

குறத்திக்கு அப்படி நடக்கவில்லை. ‘குறவஞ்சி’யை எடுத்தவர்கள் வேறு. தென்காசிப் பக்கத்துப் பிள்ளையான ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கவிராயரின் பாட்டைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். 1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் ‘குற்றாலக் குறவஞ்சி’யை நாட்டிய நாடகமாக்கினார். பட்டுப்புடவை, சலங்கை, வீணை. குறத்தி சபாவுக்குள் போனாள். அதே காலத்தில் கிராமத்துத் திருவிழாக்களில் கரகாட்டத்தின் நடுவே ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்று ஒன்று நடந்தது. இரட்டை அர்த்தப் பாட்டு, அரைகுறை உடை, விசில். ஆடியவர்கள் பெரும்பாலும் குறவர்கள் அல்ல. பெயர் மட்டும் அவர்களுடையது. திருவிழா முடிந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சாதிப் பிள்ளைகளைப் பார்த்து மற்ற பிள்ளைகள் என்ன பாடியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

இதை எதிர்த்துக் குறவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படி ஆபாச ஆட்டத்துக்கு ஒரு சமூகத்தின் பெயரைச் சூட்டக் கூடாது என்ற வகையில் அரசுக்கு உத்தரவிட்டது. மார்ச்சில் தமிழக அரசு, கலைகளின் பட்டியலிலிருந்து குறவன் குறத்தி ஆட்டத்தை நீக்கித் தடை செய்தது. கலைஞர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்ற குரலும் எழுந்தது. நியாயமான கவலைதான். அதற்கு வழி, வேறு பெயரில் நல்ல ஆட்டம் ஆடுவது. அடுத்தவன் வீட்டுப் பெண்ணின் பெயரில் பிழைப்பது அல்ல.

கவிராயரின் நாடகத்தைத் தடை செய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. சிங்கனும் சிங்கியும் நகையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் அந்தப் பகுதி பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. வகுப்பில் வாத்தியார் ராகம் போட்டுப் படிக்கிறார். பிள்ளைகள் சிரிக்கின்றன. மூன்றாவது பெஞ்சில் ஒரு குறவர் வீட்டுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்புகின்றன. சீனிவாசனுக்காவது மணி அடிக்கும்வரை வெளியே நிற்க வழி இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை.

அந்த வாத்தியார் அன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புறநானூற்றில் 157-ஆம் பாட்டை எடுக்கலாம். எழுதியது ஒரு பெண். பெயர் குறமகள் இளவெயினி. ஏறைக்கோன் என்ற குறவர் தலைவனைப் பற்றிய பாட்டு. தன் ஆட்கள் தப்புச் செய்தால் பொறுப்பது, அடுத்தவர் வறுமையைக் கண்டு தான் வெட்கப்படுவது, வேந்தர்கள் இருக்கிற சபையில் தலை நிமிர்ந்து நடப்பது என்று குணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இதெல்லாம் உங்கள் தலைவர்களுக்குப் பொருந்தாது, எங்கள் ஆளுக்குத்தான் பொருந்தும் என்கிறாள் அவள். குறவர் என்ற சொல்லும் அந்தப் பாட்டுக்குள்ளேயே வருகிறது.